டெபாசிட் மாமாவின் ஓட்டு

அந்தத் தொகுதியில் தேர்தல் வந்தால் யாரும் கருத்துக்கணிப்பைப் படிப்பதில்லை. ஃப்ரிட்ஜ் மெக்கானிக் யாருக்கு ஓட்டுப் போடப் போகிறார் என்று விசாரிப்பார்கள். அவர் ஒரு வேட்பாளரின் பெயரைச் சொன்னதும், "சரி, அப்ப அந்த ஆள் காலி" என்று சிரித்துக்கொண்டே அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். முப்பது வருஷமாக இதுதான் நடக்கிறது. முப்பது வருஷமாக அவருக்கு மண்டை காய்கிறது.

சொல்லாமல் இருந்துவிட்டுப் போகலாமே என்று நீங்கள் கேட்கலாம். அவருடைய மனைவியும் அதைத்தான் கேட்கிறாள். ஆனால் அவரால் முடியாது. வாக்கு ரகசியம் என்பது சட்டமாக இருக்கலாம்; அவருக்கு அதில் உடன்பாடு இல்லை. "நான் என்ன திருட்டு வேலையா பண்றேன், ஒளிச்சு வைக்க?" என்பார். அதோடு அவருடைய தொழிலும் வாய்க்குத் தோதான தொழில். ஒரு வீட்டுச் சமையலறைக்குள் நுழைந்து, ஃப்ரிட்ஜைச் சுவரிலிருந்து இழுத்து, அதன் முதுகுப் பக்கம் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்துவிட்டால் லேசில் எழுந்திருக்க மாட்டார். கம்ப்ரசர் மேல் கையை வைத்துப் பார்ப்பார், ரிலேயைக் கழற்றிக் காதருகே குலுக்கிப் பார்ப்பார், கேஸ் கசிகிற இடத்தில் சோப்பு நுரை தடவிப் பார்ப்பார். கைக்குத்தான் வேலை, வாய் சும்மாதான் இருக்கிறது. வீட்டுக்காரம்மா டீயைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "இந்தத் தடவை யாருக்குண்ணே?" என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும், ஃப்ரிட்ஜுக்குப் பின்னாலிருந்து முழுப் பிரசாரமே வரும். அது எந்தக் கட்சிக்காரர் வீடு என்றெல்லாம் பார்க்க மாட்டார்.

இத்தனைக்கும் அவர் எந்தக் கட்சியிலும் உறுப்பினர் இல்லை. தொகுதி பிறந்த வருஷம்தான் அவரும் கல்யாணம் முடிந்து இங்கே குடிவந்தார். அதுவரை இந்தப் பகுதி பாதி நகரத்துத் தொகுதிக்கு வாலாகவும், பாதி கிராமத்துத் தொகுதிக்குத் தலையாகவும் இருந்தது. நகரத்தில் வாடகை கொடுத்து மாளாதவர்கள் எல்லாம் ரயில் பாதை ஓரமாகவே நகர்ந்து நகர்ந்து வந்து சேர, செங்கல் சூளைகள் இருந்த இடத்தில் வரிசை வீடுகள் முளைத்தன. ஜனம் பெருத்துவிட்டது, இவர்களுக்கென்று நாடாளுமன்றத்தில் ஒரு ஆள் வேண்டும் என்று மேலே யாரோ முடிவு செய்து, வரைபடத்தில் கோடு போட்டுத் தொகுதியைக் கையில் கொடுத்தார்கள்.

முதல் தேர்தலில் அவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவருக்குப் போட்டார். அந்த மனுஷன் மேடையில் ஏறி, "என்னால் பெரிதாக எதுவும் செய்ய முடியும் என்று தோன்றவில்லை, முயற்சி செய்து பார்க்கிறேன்" என்று பேசினார். மெக்கானிக்குக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படி உண்மை பேசுகிற ஆளை விடலாமா என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். தலைமையாசிரியருக்கு டெபாசிட் போயிற்று. அடுத்த தேர்தலில் ஒரு தொழிற்சங்கக்காரருக்குப் போட்டார். அவருக்கும் டெபாசிட் போயிற்று. அப்போதுகூட யாரும் எதையும் கவனிக்கவில்லை. தோற்கிற ஆளுக்கே போடுகிறவர்கள் எல்லா ஊரிலும் நாலு பேர் இருக்கத்தான் செய்வார்கள்.

வினை மூன்றாவது தேர்தலில் வந்தது. தோற்றுத் தோற்றுச் சலித்துப்போய், இந்த முறையாவது ஜெயிக்கிற பக்கம் இருந்து பார்ப்போமே என்று அவர் முடிவு செய்தார். நின்றவர் ஒரு பெரிய டாக்டர். கைராசிக்காரர், பணக்காரர், பார்க்கவும் லட்சணமாக இருப்பார். எதிரே நின்ற ஆளை அவருடைய சொந்த வீட்டாரே நம்பவில்லை. "டாக்டர்தான், சந்தேகமே இல்ல. எழுதி வெச்சுக்குங்க" என்று மெக்கானிக் சமையலறை சமையலறையாகச் சொல்லி வைத்தார். வாக்குப்பதிவு நெருங்கும் நேரத்தில் டாக்டர் ஒரு பேட்டியில் வாயைத் திறந்து, "அங்கே ஜனங்கள் தூங்குவதற்கு மட்டும்தானே வருகிறார்கள்" என்று சொல்லித் தொலைத்தார். விடியும் முன் ரயில் ஏறி, இருட்டிய பின் வீடு திரும்புகிற ஜனத்துக்கு இது உண்மைதான். உண்மை என்பதால்தான் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. டாக்டர் மண்ணைக் கவ்வினார். டெபாசிட்டும் தேறவில்லை.

மறுநாள் காலை ரொட்டி வாங்கப் போன மெக்கானிக்கைப் பார்த்து ரொட்டிக்கடைக்காரர், "வாங்க டெபாசிட்!" என்று வரவேற்றார். கடையில் நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். பெயர் ஒட்டிக்கொண்டது. பெரியவர்களுக்கு டெபாசிட், சின்னவர்களுக்கு டெபாசிட் மாமா. இன்றைக்குப் பாதிப் பேருக்கு அவருடைய உண்மையான பெயரே தெரியாது. தபால்காரர்கூட, "டெபாசிட் சார், கையெழுத்துப் போடுங்க" என்றுதான் கூப்பிடுகிறார்.

பிறகு எல்லைகளைத் திருத்தி வரைந்தார்கள். கோடு நேராக அவர் தெருவின் நடுவில் ஓடியது. எதிர் வரிசை பழைய தொகுதியிலேயே இருக்க, அவர் வீட்டு வரிசை மட்டும் பக்கத்துத் தொகுதிக்குப் போயிற்று. அவருக்குச் சந்தோஷம். ஏனென்றால் பக்கத்துத் தொகுதி என்பது ஒரே கட்சியின் கோட்டை. தலைமுறை தலைமுறையாக வேறு யாரும் அங்கே ஜெயித்ததில்லை. அந்தக் கட்சிக்குத்தான் போட்டார். கோட்டை விழுந்தது. தோற்ற கட்சியிலிருந்து இரண்டு பேர் அவரைத் தேடி வீட்டுக்கே வந்து, "நீங்கதானா அது?" என்று வாசலில் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். அடுத்த திருத்தத்தில் அவர் வரிசையைப் பழைய தொகுதிக்கே திருப்பி அனுப்பிவிட்டார்கள். பக்கத்துத் தொகுதிக்காரர்கள் கெஞ்சிக் கேட்டதால்தான் அனுப்பினார்கள் என்று ரொட்டிக்கடையில் பேசிக்கொண்டார்கள். இதையெல்லாம் கேட்டுக்கொண்டு ஒரு மனுஷன் எத்தனை காலம்தான் பொறுமையாக இருப்பான்?

"நான் போட்டதால தோக்கலடி. தோக்கப் போற ஆளு நல்லவனா இருக்கான், நான் போடறேன். அவ்வளவுதான்" என்று மனைவியிடம் சத்தம் போடுவார்.

"அந்த டாக்டர் நல்லவரா?" என்று கேட்பாள் அவள், வேறு ஒன்றும் கேட்க மாட்டாள்.

திரும்பி வந்த இடத்தில் ஒரு காண்ட்ராக்டர் புதிதாகத் தேர்தலில் நிற்க ஆரம்பித்திருந்தார். தொகுதியில் புதிதாக எழும்பிய அடுக்குமாடிகளில் பாதி அவர் கட்டியவை. தொடர்ந்து மூன்று முறை அவர்தான் ஜெயித்தார், மூன்று முறையும் மெக்கானிக் அவருக்கு எதிராகத்தான் போட்டார். காண்ட்ராக்டருக்கு இது நன்றாகத் தெரியும். பிரசார வண்டி மெக்கானிக்கின் பட்டறையைக் கடக்கும்போது நிறுத்தச் சொல்லி, ஒலிபெருக்கியிலேயே கூப்பிடுவார்: "அண்ணே! உங்க ஓட்டு எதிர் அணிக்குத்தானே? தயவுபண்ணி மறந்துடாதீங்க!" மூன்றாவது முறை ஜெயித்தபோது ஒரு சுவர்க்கடிகாரத்தை அனுப்பி வைத்தார். மெக்கானிக் அதைத் தெருவில் எறியப் போனார். கடிகாரம் என்ன பாவம் செய்தது என்று அவர் மனைவி அதை வாங்கிப் படுக்கையறையில் மாட்டிவிட்டாள். நேரம் துல்லியமாகக் காட்டியது. அதுவும் அவருக்கு எரிச்சல்.

இந்த நிலையில்தான் அவருடைய ஒரே மகள் தேர்தலில் நிற்கப் போவதாகச் சொன்னாள்.

மகள் பிசியோதெரபிஸ்ட். ரயில் நிலையத்துக்கு எதிரே சிறிய அறை, இரண்டு கட்டில், ஒரு திரைச்சீலை. அவளிடம் வருகிறவர்களில் முக்கால்வாசி முழங்கால் வலிக்காரர்கள், அந்த முக்கால்வாசிக்கும் காரணம் எதிரே இருக்கிற படிக்கட்டு. நிலையத்தில் இறங்கினால் செங்குத்தான படி ஏறி, பாலம் கடந்து, மறுபடி படி இறங்கினால்தான் வெளியே வர முடியும். லிஃப்ட் வைக்கிறேன் என்று மூன்று தேர்தலிலும் காண்ட்ராக்டர் சொன்னார். இரண்டாவது முறை லிஃப்டுக்கான குழியைத் தோண்டி, சுற்றிச் சுவரும் எழுப்பிக் கூரையும் போட்டார்கள். லிஃப்ட் மட்டும் வரவில்லை. துப்புரவுக்காரர்கள் அதில் துடைப்பமும் வாளியும் வைத்துப் பூட்டிக்கொள்கிறார்கள். மகள் மனு கொடுத்தாள், கையெழுத்து வாங்கினாள், படிக்கட்டிலேயே உட்கார்ந்து பார்த்தாள். ஒன்றும் அசையவில்லை.

"நானே நின்னா என்னன்னு தோணுச்சு. சுயேச்சையா" என்று சாப்பாட்டு மேசையில் சொன்னாள்.

மெக்கானிக்குக்குத் தலைகால் புரியவில்லை. மேசையைத் தட்டிக்கொண்டு எழுந்து, "என் ஓட்டு உனக்குத்தாண்டி!" என்று கத்தினார்.

மனைவி கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். மகள் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவருக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. புரிந்ததும் நாற்காலியை இழுத்துத் தள்ளிவிட்டுப் பட்டறைக்குப் போய்விட்டார்.

மகளுக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. படித்தவள். மறுநாளே சிரித்துச் சமாதானமும் செய்துவிட்டாள். ஆனால் அவளுக்குப் பிரசாரப் பொறுப்பாளராக வந்து சேர்ந்தவர் ஒரு ஓய்வுபெற்ற பேங்க் மேனேஜர். வலது முழங்காலுக்கு அவளிடம் வைத்தியம் பார்த்துக்கொள்கிறவர். முப்பது வருஷம் கடன் மனுக்களைப் பார்த்தவர் என்பதால் எதிலும் ஒரு திட்டம் வைத்திருப்பார். மெக்கானிக்கின் பட்டறைக்கு வந்து, பழுதுக்கு வந்த ஃப்ரிட்ஜ் ஒன்றின் மேல் கையை ஊன்றிக்கொண்டு அவர் சொன்னார்:

"சார், உங்க பேரு இந்தப் பக்கம் எவ்வளவு பெரிய சொத்துன்னு உங்களுக்கே தெரியல."

"எது? டெபாசிட்டா?"

"அதேதான். நீங்க காண்ட்ராக்டருக்குத்தான் போடப் போறேன்னு ஊர் முழுக்கச் சொல்லுங்க. அவரோட பேட்ஜைக் குத்திக்கிட்டுத் திரியுங்க. அந்த ஆள் அவுட்டுன்னு ஜனங்களே முடிவு பண்ணிடுவாங்க. சும்மா நிக்கற ஓட்டெல்லாம் நம்ம பக்கம் சாயும்."

"யோவ், நான் என்ன கரப்பான் மருந்தா? கொண்டுபோய் எதிரி வீட்டுல தெளிக்க?" என்று மெக்கானிக் ஸ்பானரைத் தூக்கிவிட்டார். பேங்க் மேனேஜர் முழங்கால் வலியை மறந்து வாசலுக்கு ஓடினார்.

அன்றைக்கு அதோடு போயிற்று. ஆனால் நாளாக ஆக, போட்டி கடுமை என்பது எல்லோருக்கும் தெரிந்தது. வேறு கட்சிகள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு ஒதுங்கிவிட, காண்ட்ராக்டருக்கு எதிரே அவள் ஒருத்திதான் மிஞ்சினாள். வீடு வீடாகப் படி ஏறி இறங்கி அவளுடைய முழங்காலே வீங்கிவிட்டது. ஒரு நாள் மத்தியானம் பட்டறைக்கு வந்து, கழற்றிப்போட்டிருந்த ஃப்ரிட்ஜ் கதவு ஒன்றின் மேல் உட்கார்ந்தாள். அவர் அதற்குப் புது ரப்பர் பொருத்த வைத்திருந்தார். எழுந்திரு என்று சொல்ல வாயெடுத்தார், சொல்லவில்லை.

"அப்பா, எனக்கு இதுல நம்பிக்கை இல்லன்னு உங்களுக்குத் தெரியும்."

"எதுல?"

"ராசி, அது இதுன்னு." சற்று நேரம் ரப்பரைத் திருகிக்கொண்டிருந்தாள். "ஆனா போடாதீங்கப்பா. எனக்கு வேணாம். அந்த மேனேஜர் சார் சொல்றபடியே செஞ்சிடுங்க. சொல்றது மட்டும் இல்ல, உள்ள போயும் அப்படியே… ஒருவேளை, ஒருவேளைதான்…"

ஊரெல்லாம் சிரித்தபோது வலிக்காத ஒரு இடம் அவருக்கு அப்போது வலித்தது. முப்பது வருஷமாக இது வெறும் பேத்தல் என்று அவர் வீட்டுக்குள் வந்து கத்துவதைக் கேட்டு வளர்ந்த பிள்ளை இவள். வேறு யாராவது கேட்டிருந்தால் தெருவே அதிரும்படி ஒரு பாட்டம் கத்தித் தீர்த்திருப்பார்.

"சரி" என்றார்.

எதிர்வாதம் பண்ணாமல் அவர் வாழ்க்கையில் சொன்ன முதல் சரி அதுவாகத்தான் இருக்கும்.

சொன்னபடியே செய்தார். காண்ட்ராக்டரின் சிரித்த முகம் போட்ட பேட்ஜைச் சட்டையில் குத்திக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு வேலைக்குப் போனார். ஒரு வீட்டிலும் கேட்காமல் விடவில்லை. "இந்தத் தடவை யாருக்குண்ணே?" என்று கேட்பார்கள். "காண்ட்ராக்டருக்குத்தான்" என்று ஃப்ரிட்ஜுக்குப் பின்னாலிருந்து ஒரு உறுமல் வரும். அவ்வளவுதான், வீடே குலுங்கிச் சிரிக்கும். "அப்ப உங்க பொண்ணு ஜெயிச்ச மாதிரிதான்!" என்று டீயோடு பிஸ்கட்டும் சேர்த்து வைப்பார்கள். ரொட்டிக்கடைக்காரர், "டெபாசிட் களத்துல இறங்கிட்டாருப்பா!" என்று கைதட்டினார். பேங்க் மேனேஜர் பட்டறை வாசலிலேயே நின்றுகொண்டு, காற்று மாறிவிட்டது சார், காற்று மாறிவிட்டது என்று இரண்டு கையையும் தேய்த்துக்கொண்டார். காண்ட்ராக்டரின் ஆட்கள் ஒருமுறை வந்து, பேட்ஜைக் கழற்றிவிடும்படி கெஞ்சிக்கூடப் பார்த்தார்கள்.

எல்லாம் பழைய பகுதியில். நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம் ஒரு உலகம் இருக்கிறது என்பதை இந்தப் புத்திசாலிகளில் ஒருவர்கூட யோசிக்கவில்லை. அங்கே இருப்பதெல்லாம் காண்ட்ராக்டர் கட்டிய அடுக்குமாடிகள், நேற்று வந்தவர்கள். அவர்களுக்குத் தலைமையாசிரியரையும் தெரியாது, டாக்டரையும் தெரியாது, டெபாசிட்டையும் தெரியாது.

மெக்கானிக்குக்குக்கூட, அங்கே ஏழாவது மாடியில் ஒரு ஃப்ரிட்ஜ் பார்க்கப் போனபோதுதான் உறைத்தது. வீட்டுக்காரப் பெண் பேட்ஜையும் அவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"தப்பா எடுத்துக்காதீங்க அங்கிள். அந்த பிசியோதெரபி பொண்ணோட அப்பா நீங்கதானே?"

"ஆமாம்மா."

"நான் அவங்களுக்குத்தான் போடலாம்னு இருந்தேன். ஆனா பெத்த அப்பா நீங்களே போடலன்னா, ஏதோ இருக்கணும்ல?"

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஐயோ, அப்படி இல்லம்மா" என்று ஆரம்பித்து, முப்பது வருஷத் தொகுதி வரலாற்றை முதல் தேர்தலிலிருந்து சொன்னார். தலைமையாசிரியர் அழ வைத்தது, டாக்டர் உளறியது, கோடு தெருவில் ஓடியது, கோட்டை விழுந்தது எல்லாம் சொன்னார். சொல்லச் சொல்ல அந்தப் பெண் ஒவ்வொரு அடியாகப் பின்வாங்கி, கடைசியில் சமையலறை வாசலில் போய் நின்றுகொண்டாள். "ஓகே அங்கிள், ஓகே" என்று மட்டும் சொன்னாள். குளிரே இல்லாத ஃப்ரிட்ஜை அப்படியே விட்டுவிட்டு வந்த ஒரே நாள் அவர் தொழிலில் அதுதான்.

திரும்பி வரும்போது ரயில் நிலையத்தில் ஒரு போஸ்டரைப் பார்த்தார். துடைப்பம் வைத்திருந்த அந்த லிஃப்ட் அறையின் கதவிலேயே ஒட்டியிருந்தது. பேட்ஜோடு அவர் படம், யாரோ தெருவில் எடுத்தது. கீழே கொட்டை எழுத்தில்: "பெற்ற தந்தையே நம் பக்கம்!" காண்ட்ராக்டர் முட்டாள் இல்லை. நிலையத்தைத் தாண்டிப் பழைய பகுதிக்குள் ஒரு போஸ்டர்கூட ஒட்டவில்லை. நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம் ஒரு தூணையும் விடவில்லை.

பேங்க் மேனேஜரிடம் ஓடினார். "நான் இப்பவே பேட்ஜைக் கழட்டறேன். என் மகளுக்குத்தான் போடறேன்னு மைக் கட்டிச் சொல்றேன்."

"சொன்னா பழைய பகுதி கவிழ்ந்துடும் சார்! பொண்ணு அவுட்டுன்னு நினைச்சு ஜனம் வெளியவே வராது. அந்தப் பக்கம் விடுங்க, அங்க ஓட்டுப் போடவே வர மாட்டாங்க."

"வந்துட்டா?"

மேனேஜரிடம் அதற்குத் திட்டம் இல்லை. மெக்கானிக் மகளிடம் கேட்கலாம் என்று போனார். அவள் கட்டிலில் கிடந்த ஒரு பெரியவரின் காலை மடக்கி நீட்டிக்கொண்டிருந்தாள். களைத்திருந்தாள். "சொன்னபடியே இருந்துடுங்கப்பா, ப்ளீஸ். இப்ப எதையும் மாத்தாதீங்க" என்றாள். சொன்னால் ஒரு பாதி போகிறது, சொல்லாவிட்டால் மறு பாதி போகிறது. வாயிருந்தும் பேச முடியாமல் அவர் அந்த வாரம் பட்ட அவஸ்தையைப் பார்த்து, மனைவியே இரண்டு முறை, "யாரையாவது திட்டிடுங்களேன்" என்று சொல்லிப் பார்த்தாள்.

வாக்குச்சாவடி பக்கத்துப் பள்ளிக்கூடத்தில். அட்டை மறைப்புக்குள் போய் நின்று சீட்டை விரித்தார். மகளின் பெயர் அதில் அச்சாகியிருந்தது. அவள் பிறந்தபோது இரண்டு பக்கத்துச் சொந்தக்காரர்களோடும் சண்டை போட்டு அவர் வைத்த பெயர். முதல் முறையாக அதை அவ்வளவு பெரிய எழுத்தில் பார்க்கிறார். அதற்கு இரண்டு வரி மேலே காண்ட்ராக்டர். முத்திரைக் கட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். ராசியாவது மண்ணாவது, போட்டுவிட்டுப் போய்விடலாம், யாருக்குத் தெரியப் போகிறது? ஆனால் சொன்னது ஒன்று, போட்டது ஒன்று என்று அவர் ஒரு நாளும் இருந்ததில்லை. அதோடு, போடாதீங்கப்பா என்று கேட்டது வேறு யாரோ இல்லை. வெளியே அதிகாரி இருமினார். மெக்கானிக் காண்ட்ராக்டருக்குக் குத்தினார். சீட்டை மடித்துப் பெட்டியில் போட்டார்.

வெளியே வந்ததும் மனைவி, "என்னங்க, வாயே திறக்கக் காணோம்?" என்றாள். அவர் முன்னால் நடந்தார்.

மகள் தோற்றாள். நூற்றுச் சொச்சம் ஓட்டில். பழைய பகுதி அப்படியே அவளுக்குக் கொட்டியிருந்தது. நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம், வரவே மாட்டார்கள் என்ற ஜனம் குடும்பத்தோடு வந்து காண்ட்ராக்டருக்குப் போட்டிருந்தது. இரண்டு முறை எண்ணினார்கள். இரண்டாவது எண்ணிக்கையின் நடுவிலேயே பேங்க் மேனேஜரைக் காணவில்லை. எண்ணிக்கை மண்டபத்து வாசலில் காண்ட்ராக்டர் கழுத்து நிறைய மாலையோடு வந்து மெக்கானிக்கின் தோளில் கை போட்டார்.

"அண்ணே, எனக்குத் தெரியும். வெளிய என் பேட்ஜு, உள்ள போய் மகளுக்குக் குத்திட்டீங்க. ரொம்ப நன்றிண்ணே!"

சுற்றி நின்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மெக்கானிக்குக்குக் கழுத்து நரம்பு புடைத்தது. "யோவ், நான் உனக்குத்தான்…" என்று ஆரம்பித்தார். காண்ட்ராக்டரின் தோளுக்குப் பின்னால் மகள் நின்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். மீதியை விழுங்கினார்.

சாயங்காலம் அவள் பட்டறைக்கு வந்தாள். யாரிடமும் பேசாமல், பழுதுக்கு வந்த ஃப்ரிட்ஜ் ஒன்றில் சாய்ந்து தரையில் காலை நீட்டி உட்கார்ந்தாள். வீங்கிய முழங்காலில் தானே கட்டுப் போட்டிருந்தாள். அவர் மனைவி டீயைக் கொண்டுவந்து வைத்துவிட்டுக் கதவருகே நின்றாள்.

"தோத்தது பரவாயில்லப்பா" என்றாள் மகள். "அந்தப் போஸ்டர்தான். நான்தான் உங்களைச் செய்யச் சொன்னேன். ஆனா ஒவ்வொரு தூண்லயும் உங்க மூஞ்சி, 'பெற்ற தந்தையே நம் பக்கம்'னு. பொய்னு தெரியும், என்னாலதான்னும் தெரியும், ஆனா பாக்கறப்பல்லாம் கிழிச்சுப் போடணும்னு இருந்துச்சு. உங்ககிட்ட போயி அப்படிக் கேட்டிருக்கக் கூடாது." கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். "உண்மையைச் சொல்லுங்க. உள்ள போய் எனக்குத்தானே போட்டீங்க? உங்களால போடாம இருந்திருக்க முடியாதுல்ல?"

முப்பது வருஷத்தில் தன் ஓட்டைப் பற்றி அவர் ஒரு பொய் சொன்னதில்லை. அந்த உண்மைக்காகத்தான் இத்தனை கேலியும் வாங்கிக் கட்டிக்கொண்டார். இப்போது உண்மை என்னவென்றால், அவர் ஓட்டு வாழ்க்கையில் முதல் தடவையாக ஜெயித்திருக்கிறது.

"பின்னே?" என்று அதட்டினார். "பெத்த பொண்ணை விட்டுட்டு அந்தத் தடியனுக்கா போடுவேன்? உனக்குத்தான் போட்டேன். நல்லா அழுத்திக் குத்தினேன்."

அவள் முகமெல்லாம் மலர்ந்து, அழுகையோடு அழுகையாகச் சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்தது.

"அதானே பார்த்தேன்! அதான் தோத்துட்டேன்!"

இந்தக் கேலியைச் சொன்ன வேறு எவனையும் அவர் சும்மா விட்டதில்லை. "ஆமாடி. என் ராசி அப்படி" என்றார். மகள் சிரித்துக்கொண்டே அவர் தோளில் சாய்ந்தாள். கதவருகே நின்ற மனைவி அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். பிறகு உள்ளே போய், படுக்கையறைச் சுவரிலிருந்து காண்ட்ராக்டர் அனுப்பிய கடிகாரத்தைக் கழற்றினாள்.

மறுநாள் காலை அவர் ரொட்டி வாங்கப் போனபோது கடையில் நல்ல கூட்டம். எல்லோரும் அவருக்காகவே காத்திருந்ததுபோல் திரும்பினார்கள்.

"என்ன டெபாசிட்," என்றார் ரொட்டிக்கடைக்காரர், "கடைசில சொந்த மகளைக்கூட விட்டு வைக்கலியாமே? ஊரே பேசுது. ஒரு ஓட்டை வெச்சுக்கிட்டு உங்களால சும்மா இருக்க முடியலியா?"

"முடியல. அவளுக்குத்தான் போட்டேன். இப்ப என்னங்கற?" என்றார் மெக்கானிக், தெருக்கோடி வரை கேட்கும்படி. "அடுத்த தடவையும் அவளுக்குத்தான் போடுவேன். ரொட்டியைக் கட்டு."